பரண்மேல் மூன்று டிசம்பர்: பேட்டரி வெஸ்ட் ஒருவழியாக வேலை செய்த கதை

போன சனிக்கிழமை மாலை 4 மணி 40 நிமிடம். தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில், மைனஸ் 17 டிகிரியில், இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, வில்லை ஒரே இழுப்பில் முழுதாக இழுத்து நிறுத்த முடிந்தது. முந்தைய இரண்டு டிசம்பரிலும் இதே மரத்தில், இதே நேரத்தில், மான் கண்ணெதிரே நிற்க, தோள் இறுகிப்போய் நாணைப் பாதி இழுத்து மெதுவாகத் திருப்பி விட்டிருக்கிறேன். அதனால் இந்த முறை என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். மாறியது பெரும்பாலும் பொருள் இல்லை. பேட்டரியில் சூடேறும் வெஸ்ட் அதே வெஸ்ட், பவர் பேங்க் அதே பவர் பேங்க். அதை எங்கே போடுவது, எப்போது போடுவது என்பதுதான் மாறியது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வைட்வாட்டர் ஆறு ஓடும் குன்றுப் பகுதி. எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரரின் சோள வயலும் அதை ஒட்டிய காடும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே பொதுவாகத் தடை, அதனால் ஊரில் இருப்பவர்களுக்கு இது வினோதமாகப் படலாம். இங்கே வெள்ளைவால் மானை உரிமச்சீட்டு வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் வேட்டையாடலாம். வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 31 வரை போகும். துப்பாக்கிப் பருவத்தின் பெரும் பகுதி நவம்பரில் முடிந்துவிடும். டிசம்பரில் காடு அமைதியாகிவிடும், மான்கள் பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு மாலையில் அறுத்த சோள வயலில் சிந்திய மணிகளைத் தின்ன வரும். எனக்குப் பிடித்த காலம் அதுதான். ஆனால் குளிரும் அப்போதுதான்.

மரத்தில் கட்டும் இருக்கையை இங்குள்ளவர்கள் வேறு பெயரில் சொன்னாலும் எனக்கு அது பரண்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்ட ஏறி உட்கார்ந்த அதே பரண். பனிக்காலத்தில் நடக்கும்போது யாருக்கும் குளிராது. பரணில் உட்கார்ந்தால்தான் குளிரும், ஏனென்றால் அங்கே கை காலை உதறிச் சூடேற்ற முடியாது. அசைந்தால் மான் பார்த்துவிடும்.

முதல் டிசம்பரில் 48 டாலருக்கு ஒரு வெஸ்ட் வாங்கினேன். கையில்லாத சட்டை, உள்ளே கார்பன் இழைப் பட்டைகள் மூன்று, இடமார்பில் ஒன்று, வலமார்பில் ஒன்று, முதுகில் ஒன்று. இடமார்பில் வெளிப்பக்கமாக ஒரு பொத்தான். மூன்று நொடி அழுத்தினால் ஓடும், பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மாறும், மறுபடி மூன்று நொடி அழுத்தினால் அணையும். மின்சாரத்துக்கு சாதாரண 5 வோல்ட் பவர் பேங்க், அதைத் தனியாக 20 டாலருக்கு வாங்கினேன், 10,000 மில்லிஆம்பியர்-மணி. முழு ஜாக்கெட் வாங்காமல் வெஸ்ட் வாங்கியதற்குக் காரணம் வில். கையில் பருத்த துணி இருந்தால் அம்பு விடும்போது நாண் அதில் உரசி அம்பு திசை மாறும். இந்த ஒரு முடிவு முதலிலேயே சரியாக அமைந்தது.

மற்றதெல்லாம் தப்பாகப் போனது. வெஸ்டைத் தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே போட்டேன், அதன்மேல் காற்றுத் தடுப்பு மேலங்கி மட்டும். ஒன்றுமே தெரியவில்லை. பொத்தானில் விளக்கு எரிகிறது, கையை விட்டுத் தொட்டால் பட்டை சூடாக இருக்கிறது, உடம்புக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. வெஸ்ட் மோசம் என்று முடிவு கட்டி அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 12 டாலருக்கு ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் வாங்கினேன், கேபிளுக்கும் பவர் பேங்குக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். இந்தப் பொருளை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். அதிகத்தில் 1.9 ஆம்பியர், அதாவது 9.5 வாட். நடுத்தரத்தில் சராசரி 6.5 வாட். குறைவில் 4 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறது. நான் சேர்ப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கையும் கம்பளிக்கு வெளியே, பனிக்காற்றுக்கு ஒரு துணி தள்ளி வைத்திருக்கிறேன். மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் இது அடுப்பு இல்லை, போர்வைக்குள் வைக்கும் வெந்நீர்ப் புட்டி என்று புரிந்தது. போர்வை இல்லாமல் புட்டியால் பயன் இல்லை.

சரி, வெஸ்டை உள்ளே கொண்டுபோனேன். உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி பனியன், அதன்மேல் வெஸ்ட், அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் இறகு அடைத்த ஜாக்கெட், கடைசியாக மேலங்கி. வெஸ்ட் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு அளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தொளதொளவென்று இருந்தால் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே காற்றுதான் சூடாகும். வீட்டு வாசலில் நின்று பார்த்தபோது வித்தியாசம் உடனே தெரிந்தது, முதுகுப் பட்டை குறிப்பாக.

அடுத்த நாளே பரணுக்குப் போனேன், அங்கே அடுத்த தப்பு. வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து பரணுக்கு 900 மீட்டர், கடைசி 300 மீட்டர் ஏற்றம், முழங்கால் அளவு பனி. வெஸ்டை அதிகத்தில் வைத்துக்கொண்டே நடந்தேன், அத்தனை துணியும் போட்டபடி. பரணில் ஏறி உட்காரும்போது பனியன் நனைந்திருந்தது. முதல் அரை மணி நேரம் சொர்க்கம். நாற்பதாவது நிமிடத்தில் அந்த ஈரம் குளிர ஆரம்பித்தது. 9.5 வாட் வெப்பம் வியர்வையை உலர்த்துவதற்கே போதவில்லை. பற்கள் தந்தியடிக்க நாலு மணிக்கே இறங்கிவிட்டேன், மான் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால்.

மூன்றாவது முறை வியர்க்காமல் போனேன். மேல் துணிகளைப் பையில் கட்டிக்கொண்டு, வெஸ்டை அணைத்தே வைத்து நடந்தேன். உட்கார்ந்த பிறகு ஓட விட்டேன். நன்றாக இருந்தது. ஐம்பதே நிமிடத்தில் விளக்கு அணைந்துவிட்டது. அன்று மைனஸ் 14. பவர் பேங்கை எடுக்க வசதியாக மேலங்கியின் வெளிப்பையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து அதன் பொத்தானை அழுத்தினால் நாலில் மூன்று விளக்கு எரிகிறது! சார்ஜ் தீரவில்லை, பேட்டரி விறைத்துப்போயிருக்கிறது. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் உள்மின்தடை ஏறும், சுமை கொடுத்ததும் வோல்ட் சரியும், பவர் பேங்கில் இருக்கும் சுற்று அதைப் பார்த்துப் பேட்டரி காலி என்று நினைத்து அணைத்துவிடும்.

இதைச் சும்மா விட மனமில்லை, வீட்டில் சோதித்தேன். முதலில் மேசைமேல், அறைச் சூட்டில், வெஸ்டை நாற்காலியில் மாட்டி அதிகத்தில் ஓட விட்டேன். 3 மணி 5 நிமிடம் ஓடியது. கணக்கும் ஒத்துவந்தது: 10,000 மில்லிஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான எண், அதாவது 37 வாட்-மணி, 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் போக 30 போலக் கையில் நிற்கும். பெட்டியில் போட்ட எண்ணை 5-ஆல் பெருக்கி 50 வாட்-மணி என்று நினைத்து வாங்குபவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு அதே பவர் பேங்கை முழுதாக சார்ஜ் செய்து, ஃப்ரீசரில் இரவெல்லாம் வைத்து, கேபிளை மட்டும் கதவின் ரப்பர் வழியாக வெளியே எடுத்து வெஸ்டில் செருகினேன். மைனஸ் 18. 1 மணி 40 நிமிடத்தில் நின்றது. ஃப்ரீசரில் காற்று வீசாது, பரணில் வீசும், அதனால் அங்கே இன்னும் சீக்கிரம் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

அப்போதிலிருந்து பவர் பேங்க் வெஸ்டின் உள்பையில், கம்பளிச் சட்டைக்கும் உள்ளே, விலாவை ஒட்டி இருக்கிறது. போகும் வழியில் வண்டியிலும் இருக்கைக்குப் பின்னால் போடாமல் என் மடியில். ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும்: குளிர்ந்து கிடக்கும் லித்தியம் பேட்டரியை சார்ஜில் போடக் கூடாது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அது பேட்டரியைக் கெடுக்கும், ஆபத்தும்கூட. வீட்டுக்கு வந்ததும் அறையில் இரண்டு மணி நேரம் வைத்து, மேலே பூக்கும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் நான் செருகுகிறேன்.

இரண்டாவது டிசம்பர் பழுது பார்ப்பதிலேயே போனது.

நவம்பர் கடைசியில் வெஸ்டை எடுத்து ஓட விட்டால் சூடு குறைவாகத் தோன்றியது. மீட்டர் போட்டேன், 1.9 வர வேண்டிய இடத்தில் 1.3 ஆம்பியர். பவர் பேங்க் கிழடாகிவிட்டது என்று இன்னொன்று வாங்கினேன், 20 டாலர். அதிலும் 1.3. அந்த இருபது டாலர் வீண், ஏனென்றால் விடை அந்த எண்ணிலேயே இருந்தது. மூன்று பட்டையில் ஒன்று செத்தால் மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம்தான் வரும், 1.9-இல் மூன்றில் இரண்டு பங்கு 1.3. வெஸ்டைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றிருந்தாலே இடப்பக்கம் மட்டும் குளிர்ந்து கிடப்பது தெரிந்திருக்கும்.

பிளேடால் உள் துணியைக் கிழிக்கப் போனபோது மனைவி தடுத்தாள். "ஏங்க, லைனிங்கை வெட்டாதீங்க, கீழ்த் தையலை ஒரு சாண் பிரிச்சா உள்ள கை போகும்." தையல் பிரிப்பானை எடுத்து அவளே பிரித்துக் கொடுத்தாள். அது எவ்வளவு பெரிய உதவி என்று மூடித் தைக்கும்போதுதான் தெரிந்தது, பத்தே நிமிட வேலையாக முடிந்தது.

உள்ளே ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு செம்புக் கம்பி வருகிறது, மூன்றும் இணையாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் போய்ச் சேர்கிறது. மல்டிமீட்டரில் மின்தடை பார்த்தால் முதுகு 7.6 ஓம், வலமார்பு 7.5, இடமார்பு எதுவும் காட்டவில்லை. கம்பியும் கார்பன் இழையும் சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் குழாயை நசுக்கி இணைத்திருந்தார்கள், அதற்குள்ளே இழை முறிந்திருந்தது. அக்குளுக்குக் கீழே, வில் பிடிக்கும் கையை நீட்டும்போதெல்லாம் இழுபடும் இடம். போன மார்ச்சில் துவைத்துவிட்டு முறுக்கிப் பிழிந்ததும் நினைவுக்கு வந்தது, அதுவும் காரணமாக இருக்கலாம்.

சால்டர் வைத்துப் பற்றவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கார்பனில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. உருண்டை உருண்டையாகத் திரண்டு தாமரை இலைத் தண்ணீராக ஓடுகிறது. ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் போட்டும் ஓடுகிறது. அரை மணி நேரம் போராடி விட்டுவிட்டேன். பிறகு செம்புக் கம்பியின் நுனியைப் பிரித்து, கார்பன் இழையோடு முறுக்கி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு இறுக்கினேன். மீட்டர் 11 ஓம் காட்டியது. வேலை செய்கிறதே என்று ஓட விட்டு, இரண்டு நிமிடம் கழித்து அந்த முடிச்சைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை. கூடுதலாக வந்த 3.4 ஓமும் அந்த ஒரே புள்ளியில் இருக்கிறது, அங்கேதான் வெப்பம் குவிகிறது. மார்புக்கு அருகில், மேலே நாலு அடுக்குத் துணி மூடியிருக்கும் இடத்தில் அப்படி ஒரு புள்ளி இருப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. அதை அப்படியே வெட்டி எறிந்தேன்.

கடைசியில் 18 டாலருக்கு குழலை நசுக்கி இணைக்கும் கிரிம்ப் கருவி ஒன்று, கூடவே கம்பி நுனிக்கு மாட்டும் சின்ன உலோகக் குழல்கள். கார்பன் இழையை 2 சென்டிமீட்டர் மடித்து இரட்டையாக்கி, செம்பு நுனியை அதனோடு எதிரெதிராக வைத்து, குழலுக்குள் நுழைத்து இரண்டு இடத்தில் நசுக்கினேன். முதல் குழல் பெரிதாக இருந்ததால் வழுக்கி வந்துவிட்டது. ஒரு அளவு சின்னது சரியாகப் பிடித்தது. 7.9 ஓம். மேலே சிலிக்கோன் டேப் இரண்டு சுற்று, 7 டாலர். கம்பியை நேராக இழுத்துக் கட்டாமல் 3 சென்டிமீட்டர் தளர்வாக பாம்பு போல வளைத்து உள் துணியில் தைத்துவிட்டேன், இனி கை நீட்டினால் வளைவுதான் நிமிரும், இணைப்பு இழுபடாது. நாற்காலியில் ஒரு மணி நேரம் அதிகத்தில் ஓட விட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன்: பட்டைகள் 47 முதல் 51, இணைப்பு 41. நிம்மதியாகத் தைத்து மூடினோம்.

இதையெல்லாம் செய்து முடித்துப் பரணுக்குப் போனால் புதிதாக ஒரு மர்மம். நடுவில் தானாகவே அணைகிறது. பேட்டரி உள்ளே சூடாகத்தான் இருக்கிறது, மறுபடி அழுத்தினால் ஓடுகிறது. மூன்று முறை போய்த்தான் கண்டுபிடித்தேன். பரணில் இருக்கும்போது விழாமல் இருக்க உடம்பு முழுக்கப் பாதுகாப்புப் பட்டை கட்டி மரத்தோடு பிணைத்துக்கொள்கிறேன், அதை ஒருநாளும் விடுவதில்லை. அதன் மார்புக் குறுக்குப் பட்டை சரியாக வெஸ்டின் பொத்தான்மேல் விழுகிறது. குனிந்து எதையாவது எடுத்தால் பட்டை மூன்று நொடி பொத்தானை அழுத்தும், வெஸ்ட் அணையும். பழைய யோகா பாயிலிருந்து 8 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு வளையம் வெட்டிப் பொத்தானைச் சுற்றி ஒட்டினேன். இப்போது விரல் போகும், பட்டை போகாது. கூடவே பொத்தானின் விளக்குமேல் கறுப்பு மின்டேப் ஒட்டினேன். அந்த விளக்கு குறைவில் நீலமாக எரியும். மானின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அந்தி நேரத்தில் மேலங்கியின் ஜிப்பைத் திறக்கும்போது அது மின்ன வேண்டாம்.

அந்த டிசம்பர் அத்தோடு முடிந்தது. ஒரு மான் வந்தது, நான் நாணை இழுக்க முடியாமல் விட்டேன், வெஸ்ட் அணைந்திருந்த ஒரு நாள் அது.

இந்த வருடம் கால். கால் விறைத்தால் மார்பு எவ்வளவு சூடாக இருந்தும் உட்கார முடியாது. 70 டாலருக்கு பேட்டரிக் காலுறை வாங்கினேன். கெண்டைக்காலில் பேட்டரி, விரலுக்குக் கீழே சூட்டு இழை. என் பூட்ஸில் ஏற்கெனவே இரண்டு காலுறைக்குத்தான் இடம், இது தடிமன், திணித்து மாட்டினேன். கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் வராத விரலை எந்த இழையும் சூடாக்காது. காலுறை இல்லாத நாளைவிட அன்று சீக்கிரம் விரல் மரத்துப்போனது. பிறகு யோசித்தால், பரணின் மிதிதளம் இரும்புக் கம்பி வலை. மைனஸ் 15-இல் கிடக்கும் இரும்பின் மேல் பாதத்தை மூன்று மணி நேரம் வைத்திருக்கிறேன்! யோகா பாயில் மிச்சம் போதவில்லை, 6 டாலருக்கு 12 மில்லிமீட்டர் நுரைப்பாய் வாங்கி மிதிதள அளவுக்கு வெட்டி, கம்பியில் கட்டினேன். மெல்லிய காலுறை ஒன்று, கம்பளிக் காலுறை ஒன்று, பூட்ஸ் தளர்வாக. 70 டாலர் செய்யாததை 6 டாலர் செய்தது. பூட்ஸ் சத்தமும் அடங்கியது.

கைக்கு இடுப்பில் கட்டும் கம்பளி உறை, 25 டாலர், இருபக்கமும் கையை நுழைக்கலாம். உள்ளே பேட்டரி எதுவும் இல்லை, இரும்புத் தூள் உள்ள சூட்டுப் பொட்டலம் இரண்டு. அது காற்று பட்டால்தான் சூடேறும், உறைக்குள் போதுமான காற்று உண்டு. இதையே பூட்ஸுக்குள் போட்டால் காற்று இல்லாமல் அணைந்துவிடும். உறை இருந்தால் விரலில் மெல்லிய கையுறை போதும், வில்லின் விசைக்கொக்கியைத் தொட்டு உணர முடிகிறது.

இனி அந்தச் சனிக்கிழமை. 1:30-க்கு நடக்க ஆரம்பித்தேன், பனியனும் வெஸ்டும் கம்பளிச் சட்டையும் மட்டும், வெஸ்ட் அணைந்த நிலையில். கொஞ்சம் குளிருகிறது என்று தோன்றும் அளவுக்கு மெதுவான நடை. மரத்தடியில் பத்து நிமிடம் நின்று மூச்சு சீரான பிறகு பாதுகாப்புப் பட்டையைப் பிணைத்து ஏறினேன். மேலே உட்கார்ந்து இறகு ஜாக்கெட்டும் மேலங்கியும். நடந்த சூடு உடம்பில் இன்னும் இருந்தது, அதனால் வெஸ்டைத் தொடவில்லை. 2:25-க்குக் குறைவில் ஓட விட்டேன். குளிர் தெரிய ஆரம்பிக்கும் முன்பே. இது நான் கற்றதில் முக்கியமான ஒன்று: நடுக்கம் வந்த பிறகு 9.5 வாட்டால் அதை விரட்ட முடியாது, வராமல் தள்ளிப்போட 4 வாட் போதும். 3:45-க்கு நடுத்தரம். 4:15-க்கு அதிகம், மான் வரும் நேரத்துக்குத் தோளும் முதுகும் இளகியிருக்க. எல்லாம் கூட்டினால் 14 வாட்-மணி. ஐம்பது நிமிடத்தில் செத்த அதே 20 டாலர் பவர் பேங்கில் பாதி மிச்சம்.

டிசம்பரில் இங்கே சூரியன் நாலரைக்கு மறைந்துவிடும், அதற்குப் பிறகு அரை மணி நேரம் வரை சட்டப்படி எய்யலாம். 4:38-க்கு மூன்று பெண் மான்கள் வரிசையாகச் சோள வயலின் ஓரத்துக்கு வந்தன. இரண்டாவது 18 மீட்டரில் பக்கவாட்டில் திரும்பியது. குளிர்காலத்துக்காக வில்லின் இழுவையை 60 பவுண்டிலிருந்து 50-க்குக் குறைத்திருந்தேன், அதையும் சொல்ல வேண்டும், வெஸ்டுக்கு மட்டும் புகழைக் கொடுப்பது நியாயமில்லை. இழுத்தேன், நின்றது, விட்டேன். எழுபது மீட்டர் ஓடி விழுந்தது. இறங்கும் முன் வெஸ்டை அணைத்தேன், இழுத்துவரும்போது வியர்க்கும் என்று தெரியும். இந்தப் பகுதியில் மான்களுக்கு வரும் மூளைநோய் இருப்பதால் நிணநீர் முடிச்சைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில்தான்.

வீட்டில் துணி மாற்றும்போது முதுகில், பரணின் சாய்வு அழுத்திய இடத்தில், உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. மறுநாள் காலைக்குள் மறைந்துவிட்டது. ஆனால் இது விளையாட்டில்லை. 44 டிகிரி போன்ற சாதாரணச் சூடுகூட ஒரே இடத்தில் பல மணி நேரம் அழுந்தினால் தோலைப் புண்ணாக்கும், குளிரில் மரத்த தோலுக்கு அது உறைக்கவும் செய்யாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்கள் பேட்டரிக் காலுறை பக்கமே போக வேண்டாம் என்பேன். முதுகுப் பட்டைக்கு இனி அதிகம் என்றால் இருபது நிமிடம்தான், அதற்குமேல் இல்லை.

மொத்தச் செலவு 226 டாலர். வெஸ்ட், ஒரு பவர் பேங்க், மீட்டர், நுரைப்பாய், கை உறை என்று உண்மையில் தேவைப்பட்டது 111. பழுதுக்கு 25. மீதி 90 டாலர் இரண்டாவது பவர் பேங்கும் காலுறையும்.

அடுத்த வருடத்துக்கு முன் செய்ய நினைப்பது ஒன்றுதான். முதுகுப் பட்டையின் கம்பியை வெட்டித் தனிப் பொத்தான் கொடுப்பது, அப்போது மார்பை அதிகத்திலும் முதுகைக் குறைவிலும் வைக்கலாம். இரண்டாவது பவர் பேங்க் அதற்குப் பயன்படும். வெஸ்டை இந்த முறை பிழியாமல் கையால் அலசி, செருகியின் வாயை மூடி, கொடியில் நிழலில் போட்டிருக்கிறேன். பவர் பேங்க் இரண்டையும் பாதி சார்ஜில் அலமாரியில் வைத்தாயிற்று, முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைத்தால் சீக்கிரம் வயதாகும். நாட்காட்டியில் அக்டோபர் முதல் வாரத்தில் "மூன்று பட்டை, ஓம் பார்" என்று குறித்திருக்கிறேன்.